தண்ணீருக்குப் பூட்டுப் போட்டவர்

செங்கலடியிலிருந்து வயல்பக்கமாகப் போகும் பாதையில், தோணாவுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. சுற்றிலுமுள்ள வயல் வட்டைகளின் தண்ணீரெல்லாம் அந்தத் தோணாவால் ஓடித்தான் வாவியில் சேரும். பாலத்தின் தூணில் இலக்கங்கள் எழுதிய அளவுப் பலகை ஒன்றும், அதன் மேற்பாதியில் ஒரு சிவப்புக் கோடும் உண்டு. காலையும் மாலையும் அந்தப் பலகையைப் பார்ப்பதும், தண்ணீர் வாவிக்கு ஓடுகிறதா, வாவியிலிருந்து உள்ளே ஏறுகிறதா என்று பார்ப்பதும், இரண்டையும் பட்டணத்து நீர்ப்பாசனக் கந்தோருக்குத் தொலைபேசியில் சொல்வதும் திவாகரனின் வேலை. கண்ணும் கைத்தொலைபேசியும் உள்ள எவருக்கும் இயலுமான வேலை. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் வீங்கலாம் என்பதை எங்கள் ஊர் இரண்டு மாரிக்காலமாகப் பார்த்துவருகிறது.

திவாகரனுக்கு ஐம்பது வயது. பொறுப்பு என்ற சொல்லில் அவருக்கு இளமையிலிருந்தே ஆசை. விளையாட்டுக் கழகத்தில் பந்துக்குப் பொறுப்பாக இருந்தபோது, பழுதாகிவிடும் என்று பந்தை வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த வருடம் முழுவதும் பெடியன்கள் பக்கத்து ஊர்ப் பந்தில் விளையாடினார்கள். கோயில் திருவிழாவில் ஒலிவாங்கிக்குப் பொறுப்பாக இருந்தபோது, ஐயர் கேட்டும் கொடுக்கவில்லை. கட்டாரில் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்ததாகச் சொல்வார். ஏன் வருடம் முடியுமுன் திரும்பி வந்தார் என்பதை மட்டும் சொல்வதில்லை. அவரோடு ஒரே வகுப்பில் படித்த சரீப் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

“சாமான ஒருத்தரையும் வெளிய எடுக்க உட்டிரிக்கமாட்டான். அறபி பாத்துப் பாத்து, இவனையே வெளிய எடுத்துட்டான்.”

இந்த வரலாறெல்லாம் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் வீட்டில் உலை ஏறியது அவருடைய மனைவி கஜானியின் தையல் மெசினால். அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டவர் இல்லை.

தோணா வேலை கிடைத்த அன்று, கந்தோரிலிருந்து ஒரு பொறியியலாளர் தொலைபேசியில் பேசினார். பேசி முடிக்கும்போது, எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதைப் போல, “அந்தப் பலகைய இனி நீங்கதான் பாத்துக்கொள்ளணும்” என்றார். கவனித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். திவாகரன் வேறு பொருள் எடுத்தார். பலகையை இனித் தான் மட்டும்தான் பார்க்க வேண்டும். மற்ற எவரும் பார்க்கக்கூடாது.

முதலில் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை அச்சடித்தார். பிறகு பாலத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. அதன் பின்பு வெல்டிங் கடையில் சொல்லி உயரமான தகரப் பெட்டி ஒன்று செய்வித்து, கஜானியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, பலகையை முழுதாக மூடித் தூணில் அடித்தார். தண்ணீர் போய்வர அடி மட்டும் திறந்திருந்தது. முன்பக்கத்துக் கதவில், பாலத்தடியில் குளிக்கிற படியில் குந்தியிருந்தே திறக்க வசதியான உயரத்தில், ஓர் ஆமைப்பூட்டுத் தொங்கியது.

அதுவரை வயலுக்குப் போகிறவர், வலை வீசப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் போகிற போக்கில் பலகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பெட்டியைக் கண்ட அன்று சரீப் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

“என்ன மச்சான் திவா, தண்ணிக்கு வெக்கம் வந்திட்டா? பர்தா போட்டிரிக்காய்?”

“ஆக்கள் பாத்துப் பாத்து இலக்கமெல்லாம் அழிஞ்சி போகும் சரீப். அரசாங்கச் சொத்து.”

“பாத்தா அழியுமா?”

“உனக்கு இதெல்லாம் விளங்கா.”

“செரி, இண்டைக்கு எவ்வளவுல நிக்கிது? அதையாவது சொல்லு.”

“சொல்ல ஏலா. மேலிடத்துக்கு மட்டும்தான்.”

“தண்ணி எங்கட வயலுக்கயல்லோ வருது! மேலிடத்துக்கா ஏறிப்போகுது?”

திவாகரன் அட்டையை நெஞ்சில் நேராக்கிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். கேட்டுக்கொண்டு நின்ற ஆண்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவரும் பெட்டியைக் கழற்றவில்லை, கந்தோருக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சிரித்தால் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

இந்த மாரியில் றமீஸாவின் வெள்ளாமை தோணாக் கரையில் விளைந்து நின்றது. கணவன் சவூதியில் லொறி ஓட்டுகிறார். விதைப்பிலிருந்து உரம் எறிவதுவரை அவள்தான் பார்த்தாள். வயலின் பள்ளப் பாதி தோணாவை ஒட்டியது. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால், கொஞ்ச நேரத்தில் கரை வழிந்து அந்தப் பாதி மூழ்கும். கந்தோர் அந்தக் கோட்டைக் கீறியதே அதற்காகத்தான். பலகை வெளியே தெரிந்த காலத்தில் வேறு அடையாளம் எதையும் எவரும் மனத்தில் வைத்திருக்கவும் இல்லை.

சரீப்பின் நெல் வெட்டு மெசின் மறுநாள் அவளுடைய வயலுக்கு வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் தோணா மண்ணிறமாகப் பெருகி ஓடியது. றமீஸா சரீப்புக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“சிவப்பத் தாண்டிட்டு எண்டா சொல்லு புள்ள, இஞ்ச வெட்டுறத உட்டுட்டு இப்பவே வாறன்” என்றான் சரீப். “தாண்டல்லண்டா இவங்கட வயல அரைகுறையில உட்டுட்டு வர ஏலா. திவாக்கிட்டக் கேட்டுச் சொல்லு.”

அவள் பாலத்துக்கு ஓடிவந்தபோது, திவாகரன் குடையைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் நின்றார். கையில் திறப்பு இருந்தது. திறப்பதற்குப் பூட்டைக் காணவில்லை. அது தண்ணீருக்குள் போயிருந்தது. கீழ்ப்படிகளில் இறங்கினால் இடுப்பளவு தண்ணீர். இழுப்பும் பலமாக இருந்தது. தன்னுடைய பெட்டிக்குள் தானே பார்க்க முடியாமல் அவர் நின்ற நிலையை யாராவது படம் எடுத்திருக்கலாம்.

“திவாகரண்ணன், சிவப்பத் தாண்டிட்டா?”

“பொறு தங்கச்சி. கந்தோருக்குச் சொல்ற நேரம்.”

கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, அரசாங்கக் குரலில் சொன்னார். “ஓம் சேர். காலைல சொன்ன அதே மட்டம்தான். ஓட்டம் வாவிப்பக்கம். ஓம் சேர், நான்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

றமீஸா கிட்டே வந்தாள். “அண்ணன், நீங்க பாக்கவே இல்லியே!”

“அது எங்கட உள் விசயம்.”

“என்ட வெள்ளாமை அண்ணன் அது. ஓம் இல்ல, ஒண்டு சொல்லுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல.”

“சொல்ல ஏலா எண்டா ஏலாதான். மறுகா நான்தான் பதில் சொல்லணும்.”

அவருக்கு மழைக்கோட்டுக் கொண்டுவந்த கஜானி இவ்வளவையும் கேட்டுக்கொண்டு பாலத்தில் நின்றாள். வாயில் இன்னும் இரண்டு குண்டூசி இருந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். ஊசிகளை எடுத்துச் சட்டையில் குத்திவிட்டு, தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

“பூட்டு எங்க?”

“தண்ணிக்குள்ள” என்றாள் றமீஸா.

“அப்ப என்னத்துக்குப் புள்ள இவரிட்டக் கேக்காய்? பூட்டடிச்சது சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் மேல. நான்தானே பெட்டியப் பிடிச்சிக்கொண்டு நிண்டனான். பூட்டுத் தாண்டிட்டெண்டா சிவப்பு எப்பவோ தாண்டிட்டு. ஓடு, ஓடிப் போய்ச் சொல்லு!”

“கஜானி! உனக்கு ஆரு அனுமதி தந்த?”

“எனக்கென்ன அனுமதி. நான் தையற்காரி. அளந்தத்தான் சொன்ன நான்.”

றமீஸா அதற்குள் தொலைபேசியில் கத்திக்கொண்டு வரம்பில் ஓடினாள். சரீப் சொன்னபடி வெட்டினதைப் பாதியில் விட்டுவிட்டு மெசினைக் கொண்டுவந்தான். மேட்டுப் பாதி முழுவதையும் வெட்டி முடித்தார்கள். பள்ளத்தில் நாலு வரிசை போவதற்குள் கரை வழிந்துவிட்டது. மெசின் புதையத் தொடங்கவே சரீப் பின்னால் எடுத்தான். மிச்சக் கதிர் நின்ற நிலையிலேயே தண்ணீருக்குள் போனது. பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் சிவப்புக் கோடு நனையும்போதே தெரிந்திருக்கும். பள்ளமும் வீட்டுக்கு வந்திருக்கும். இதைத் திவாகரனிடம் சொன்னபோது, மழைக்குத் தான் பொறுப்பில்லை என்றார். அவர் பொறுப்பில்லை என்று சொன்ன ஒரே விசயம் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு பூட்டு வெளியே தெரிந்தது, சேறும் துருவுமாக. றமீஸா ஒரு தூரிகையும் சிவப்பு மையும் கொண்டுவந்தாள். கஜானி கையால் சாண் போட்டுக் காட்ட, பூட்டுக்கு ஒரு சாண் கீழே, தகரத்தின் வெளிப்பக்கத்தில் தடிப்பாக ஒரு கோடு இழுத்தாள். இப்போது பாதையில் போகிற எவருக்கும் அது தெரியும். பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டிய தேவை ஊரில் எவருக்கும் இல்லை, திவாகரனைத் தவிர.

அரசாங்கச் சொத்தில் மை பூசிவிட்டார்கள் என்று அவர் கந்தோருக்கு முறையிட்டார். அந்தப் பெட்டி அரசாங்கச் சொத்தே இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. கந்தோரில் அன்று நிவாரண வேலை தலைக்குமேல் கிடந்தது. எடுத்தவர் முழுதாகக் கேட்கவும் இல்லை.

“அத நீங்களே பாத்துக்கொள்ளுங்க அண்ணன்” என்று வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து கதிரை பாலத்தில் இல்லை; படியில், பெட்டிக்கு முன்னால் இருக்கிறது. திவாகரன் அதில் உட்கார்ந்து, முதுகால் கோட்டை மறைத்துக்கொண்டு பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணி குடிக்க எழுந்து போவார். அந்த நேரத்தில் வயலுக்குப் போகிறவர்கள் நின்று கோட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பள்ளத்தில் அழுகிய வைக்கோலை றமீஸா இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறாள்.