ஒட்டன்சத்திரத்தில் இரண்டு கார்புரேட்டர்

நின்றுபோன வண்டியை ஓட வைக்கும் மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடாவது கிடைக்கும். ஓடுகிற வண்டியை இன்னும் வேகமாக ஓட வைக்கப் போகிறவனுக்கு யோசனை மட்டும்தான் கிடைக்கும். இன்றைக்குப் பையன்கள் டர்போ என்கிறார்கள், பெட்டியைப் பிரிக்கிறார்கள், வீட்டு வாசலிலேயே மாட்டிவிடுகிறார்கள். அறுபதுகளில் எங்களுக்கு டர்போவும் தெரியாது, பெட்டியும் வராது. எஞ்சின் கூடுதலாக மூச்சு இழுக்க வேண்டுமா, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் ஒன்று இருக்கும் இடத்தில் இரண்டை வை. அதுதான் எங்கள் வித்தை. அடுத்தவர் வீட்டில் போய் வேலை செய்து வயிறெரிந்த கொத்தனார்களே, தச்சர்களே, வயரிங் வேலைக்காரர்களே, நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்கள்.

ரகசியம்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தவர் கருப்பண்ணன். கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப்போகச் சொந்த லாரிகள் உண்டு. குடும்பத்துக்கு ஒரு பழைய கார். முந்தின கோடையில் கொடைக்கானல் மலையில் அந்தக் கார் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் வந்த அவருடைய சம்பந்தி, தொப்பம்பட்டிக்காரர், ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார். போனதோடு விட்டாரா? அதற்கப்புறம் எந்த விசேஷப் பந்தியிலும் அதைச் சொல்லிச் சிரிக்காமல் அவர் எழுந்ததில்லை.

இந்தக் கோடைக்கும் இரண்டு குடும்பமும் சேர்ந்து மலைக்குப் போவதாக ஏற்பாடு. திண்டுக்கல்லில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்த என்னைக் கருப்பண்ணன் தேடி வந்தார். "நிக்காம ஏறிருச்சுன்னா என்ற லாரி அத்தனையும் இனி உன்ற பொறுப்பு" என்றார். சொந்தமாக ஒரு பட்டறை போட அது போதும். அந்தப் பேச்சை நம்பி, இருந்த வேலையை விட்டேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வேலை அவர் வீட்டிலேயே, காதும் காதும் வைத்த மாதிரி நடக்க வேண்டும்.

மதுரைப் பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி இன்னொரு கார்புரேட்டரைத் தேடிப் பிடித்து, இரண்டையும் உட்கார வைக்க இரும்புக் குழாயில் ஒரு அமைப்பும் வெல்டிங் செய்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் போனால் பாதி மண்டி அங்கே நிற்கிறது! மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள், டீக்கடைக்காரர்கூட வந்திருந்தார். என்ன முதலாளி இது, ரகசியம் என்றீர்களே என்று கேட்டேன். கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார்: "ரகசியமா ஒரு வேலை நடக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தானப்பா நமக்கு மருவாதி?"

வெங்காயச் சருகு

எனக்குக் கொடுத்த இடம் வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில். சின்ன வெங்காயத்தை மலை மாதிரி கொட்டி வைத்திருந்தார்கள். காற்றடித்தால் சருகு பறக்கும். கார்புரேட்டருக்கு மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். இரண்டு வாயும் சருகைச் சருகாக இழுத்தன. எஞ்சின் தும்மியது, இருமியது, நின்றது. கழற்றிக் கழுவி மாட்டினேன். மறுபடியும் சருகு. வெங்காயம் உரிக்காமலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கோபத்தில்.

வலைக்கம்பி வாங்கி வந்து இரண்டு வாய்க்கும் கச்சிதமாக மூடி செய்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் உறுமக்கூட மாட்டேன் என்கிறது. பிளக்கைப் பார்த்தேன், பம்ப்பைப் பார்த்தேன், பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் வலை மூடியைத் திறந்தால், உள்ளே நாலாக மடித்த வேட்டித் துணி. கருப்பண்ணனின் மனைவி மோர்ப் பானையோடு அந்தப் பக்கம் வந்தார். துணியைத் தூக்கிக் காட்டினேன். அந்தம்மா சொன்னது இது: "கம்பி ஓட்டையில எறும்பு போகுமுங்களே தம்பி, பாலுக்கே நாங்க துணி கட்டித்தான் மூடுவோம்."

காதுக்குள் குழாய்

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். கூடக் குறைய இழுத்தால் வண்டி நொண்டும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் மீட்டர் ஏது? ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயாக வைத்து, 'உஸ்' சத்தம் ஒரே மாதிரி வரும்வரை திருகுவோம். சுற்றிலும் அமைதி வேண்டும். அமைதிக்கு ஒட்டன்சத்திரத்தில் எங்கே போவது? ஒரு பக்கம் ஏலக்கூச்சல், ஒரு பக்கம் லாரி. நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைப் பிடிக்கும்போதெல்லாம் யாராவது தோளைத் தொட்டு என்னவென்று கேட்பார்கள். டிரைவர் சவரிமுத்து, திண்டுக்கல்காரர், என்னைவிட மூத்தவர். அவராவது கூட்டத்தை விலக்குவார் என்று பார்த்தால், குழாயைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு சிரித்தார்: "ஏலே, மொதலாளி வயித்துல வச்சுப் பாரு, இதவிடப் பெருசா சத்தம் கேக்கும்!"

மஞ்சள் பை

வெள்ளோட்டம் விட்ட அன்று தாராபுரம் ரோட்டில் வண்டி கறுப்புப் புகையாகக் கக்கியது. இழுவையே இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் பானெட்டைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கும்போது நன்றாக ஓடும், சவரிமுத்து ஏறி உட்கார்ந்தால் புகையும். கருப்பண்ணன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. லாரிகள் கைநழுவுவது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

கடைசியில் நானே அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மனுஷர் ஏறியதும் முதல் வேலையாக வெற்றிலைப் பையை எடுத்து முன்னால் ஒரு குமிழில் மாட்டினார். அது சோக் குமிழ். இழுத்தால் காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கொட்டும், காலையில் வண்டி கிளப்ப மட்டும் வைத்தது. மஞ்சள் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, போதாததற்கு ஒரு ஸ்பானர். அந்தக் கனத்தில் குமிழ் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. கத்தினேன். வயதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன். அவர் நிதானமாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்பு, நீ பொறக்குறதுக்கு முன்னாடி இருந்து பைய அங்கனதான் மாட்டுறேன். ஒன் கார்புரேட்டர் வந்தது நேத்து. நகர வேண்டியது எது?"

மலை

அந்த நாளும் வந்தது. வத்தலக்குண்டில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். முன்னால் சம்பந்தி கார். அதில் சம்பந்தி, அவர் மனைவி, மகன், மருமகள். மருமகள் என்றால் கருப்பண்ணனின் சொந்த மகள். பின்னால் எங்கள் கார். சவரிமுத்து பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். பாதி மலை ஏறியும் சூடு காட்டும் ஊசி கொதிநிலைக்குப் போகவில்லை. ஐயா, அப்படி ஒரு இழுவை! என் கையால் செய்தது அது.

ஒரு வளைவில் சம்பந்தி கார் பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டு நின்றது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். மகள் அப்பாவைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் ஆட்டினாள். சவரிமுத்து பிரேக்கில் கால் வைத்தார். "மிதி! நிறுத்துனா இறங்கிப் போயிரு!" என்று கருப்பண்ணன் கூச்சல் போட்டார். ஜன்னல் வழியே சம்பந்திக்குப் பெரிய கும்பிடும் போட்டார். பின் சீட்டிலிருந்து அவர் மனைவி சொன்னார்: "பெத்த புள்ள வெயில்ல நிக்குது, கும்புடு போட்டுட்டுப் போறீங்களே, நீங்க மனுசனுங்களா?"

உச்சியில் கார் நின்றதும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு மூச்சில் ஏறிய கதையைக் கருப்பண்ணன் சொல்லச் சொல்ல, எப்படி எப்படி என்று கேட்டார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். சவரிமுத்து எனக்கு முன்னால் வந்தார். "ஒண்ணுமில்ல, பைய எடுத்து மடியில வச்சேன். கழுத ஏறிருச்சு."

பொறுப்பு

ஊர் திரும்பிய மறுநாள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். மனைவியிடம் பட்டறைக்கு இடம்கூடச் சொல்லியிருந்தேன். கருப்பண்ணன் காபி வரவழைத்தார். என் முதுகில் தட்டினார். உன்னை மாதிரி மெக்கானிக் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்றார். லாரிகளை எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. நான் பொய் வேலை செய்திருந்தால், மலையில் வண்டி நின்றிருந்தால், அவர் லாரி தரமாட்டேன் என்பதில் நியாயம் உண்டு. சொன்னது சொன்னபடி செய்தவனிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, நீ கை வெச்ச வண்டி பெத்த மகளுக்கே நிக்கல. என்ற லாரியில நீ கை வெச்சா அந்த டிரைவருக பாலக்காட்டுல சரக்கெறக்க நிப்பானுங்களா? தக்காளி திருச்சூர் போயிரும். லாரிக்கு மெதுவாப் போற மாதிரி பண்றவன் ஒருத்தன் இருக்கறான், அவனே போதும். நீ அந்த ரெண்டாவது கார்புரேட்டரக் கழட்டி வெச்சுட்டுப் போ, பெட்ரோல் குடிக்குது."

வண்டி மோசமாக ஓடினால் மெக்கானிக்கை மாற்றுகிறார்கள், நன்றாக ஓடினால் மெக்கானிக்கே வேண்டாம் என்கிறார்கள், ஆகவே சுமாராக ஓட வைக்கத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் வயிறாரச் சாப்பிடுகிறான்.