மேலிமைப் பையில் ஒரு தேங்காய் நார்

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்காவில் கடைக்குக் கடை கொடி தொங்கிய நாள்களில், நான் மட்டும் ஊரார் கண்ணின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடியப்போகும் நேரம். கடைசிப் பரீட்சைக்குக் கண் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைவிழிக்கு ஸ்க்ளீரா என்று பெயர். அது மஞ்சளித்தால் ஈரலைச் சந்தேகப்பட வேண்டும். பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத் தந்தால் நான் அவருடைய ஸ்க்ளீராவைப் பார்ப்பேன். மீன்காரர் விலை சொன்னால் முதலில் அவருடையதைப் பார்ப்பேன், அப்புறம் மீனுடையதை.

அதைவிட எனக்குப் பிடித்தது பைப் பாடம். இமைக்கும் விழிக்கும் நடுவே ஒரு பை இருக்கிறது, கஞ்சங்டைவல் சேக். அது மேலேயும் கீழேயும் மடிகிற இடம் ஃபார்னிக்ஸ். இத்தனை வருஷம் என் முகத்திலேயே பை வைத்துக்கொண்டு கைப்பைக்காக அழுதிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். பாடம் எடுத்த வெள்ளைக்கார சிஸ்டர் கண்டிப்பானவர். மருந்தைக் கீழ்ப் பையில்தான் விட வேண்டும், ஒரு துளி போதும், அதற்கு மேல் அங்கே இடமில்லை, கன்னத்தில்தான் வழியும் என்பார். தூசு பெரும்பாலும் மேலிமைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் என்றும் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்து அப்பா எனக்கு மாப்பிள்ளை பேசிவிட்டார். நெகிரி மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிற உத்தியோகம். நல்ல இடம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: நான் நர்ஸ் வேலையை விட்டுவிட வேண்டும், பரீட்சைகூட எழுத வேண்டியதில்லை. "கண்ட ஆம்பளைங்களத் தொடுற வேலை நம்ம வீட்டுக்கு ஆகாது" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா சரி என்று தலையாட்டியிருந்தார். அப்பாவிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கக் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு வருமுன், துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் நல்லபடியாக முடிய வேண்டுமென்று தேங்காய் உடைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையே ஓங்கிச் சிதறடித்தாராம். அவர் எங்கள் வாசலில் நுழையும்போது ஒரு கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, தாரைதாரையாக நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

என் தாம்பாளத்துக்குப் பூ கட்டித் தர வந்திருந்த அடுத்த வீட்டுச் செட்டி அம்மாதான் முதலில் பார்த்தார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வேர்விட்ட செட்டிச் சனம்; எங்களைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர், பேச்சு மட்டும் மலாய். "ஜாஙான் தெங்கோக்! நந்தி கெனா!" என்று முகத்தை மூடிக்கொண்டார். பார்க்காதே, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்கிறார். கண்வலிக்காரனின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. அவ்வளவுதான், கூடத்தில் அத்தனை தலையும் குனிந்துவிட்டது. அப்பா பாயைப் பார்த்தார். மாமா காப்பிக் கோப்பையைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார்கூடத் தங்கள் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் வாசலைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் பெண்தான்.

"தாய்ப்பால்கூட விட்டோம்ணே, கேக்கல" என்று மாப்பிள்ளையின் அம்மா பாயைப் பார்த்தபடியே அப்பாவிடம் சொன்னார். கோயிலில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கி விட்டார்களாம். பால் போனது கீழ்ப் பைக்கு. ஆள் ஒளிந்திருப்பது மேல்மாடியில்.

எனக்குக் கை துறுதுறுத்தது. தாம்பாளத்தைக் கீழே வைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவி, பஞ்சையும் ஒரு தீக்குச்சியையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"கீழே பாருங்க" என்றேன்.

கூடமே திடுக்கிட்டது. அன்றைக்குக் கீழே பார்க்க வேண்டியவள் நானல்லவா! மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் பார்த்தார். இமை மயிரைப் பிடித்து, தீக்குச்சியை மேலே வைத்து, இமையைத் திருப்பினேன். அங்கே, சிவந்த சதையின் நடுவே, ஒரு தேங்காய் நார்த் துணுக்கு சொந்த வீடு மாதிரிப் படுத்திருந்தது. பஞ்சு நுனியை நனைத்து ஒற்றியெடுத்தேன்.

"போயிருச்சு" என்றார் அவர், கண்ணைக் கொட்டிக் கொட்டி. அன்று அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கைராசிக்காரி லா! எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனா கல்யாணத்துக்கு முந்தி அந்த வேலைய மட்டும் விட்டுரணும். கண்ட ஆம்பளைங்கள..."

சொல்லிக்கொண்டே வந்தவர் மகனைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா பாயிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தார். "அவ பரீட்ச எழுதட்டும்மா" என்றார். "வேலைக்கும் போவா. அதுக்குச் சம்மதம்னா பேசலாம்."

அவர்கள் காப்பியை மீதி வைத்துவிட்டுப் போனார்கள். செட்டி அம்மா முகத்தை மூடிய கையை எடுத்துவிட்டுப் பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் கண்ணு உறுத்துது. பாரு" என்றார்.

அதுவரை அப்பாவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை. ஸ்க்ளீரா கொஞ்சம் சிவந்திருந்தது. மேலிமையைத் திருப்பினேன், சுத்தமாக இருந்தது. கீழிமையை இழுத்தேன்.

"ஒண்ணும் இல்லப்பா."

"இருக்கும். நல்லாப் பாரு. நீதானே மிஸ்ஸி."

ஆஸ்பத்திரியில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்; நோயாளிகள் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அந்தப் பையில் ஒரு துளிக்கு மேல் இடமில்லை என்று சிஸ்டர் சொன்னது சரிதான். அப்பாவின் கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, "இருங்கப்பா, இன்னும் பாக்குறேன்" என்றேன்.