குடை எடுத்துப் போகாத நாள்

நேற்று மாலை ரேடியோவில் மாநிலச் செய்தி. தென்மாவட்டங்களில் அநேக இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று, காய்கறி விலை சொல்வதுபோல அந்தப் பெண் வாசித்துவிட்டுப் போனாள். நான் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாடியில் வடகம் காயப்போட்டிருந்த அம்மாளையும் கூப்பிட்டுச் சொன்னேன். "அவங்க வீட்லயும் ரேடியோ இருக்கு மாமா" என்று மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். எழுபத்தைந்து வயதுக் கிழவனுக்கு இது ஒரு வியாதி என்பது அவள் எண்ணம். தப்பில்லை, வியாதிதான். எங்கே பிடித்தது என்று உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுக ஆபீசில் குமாஸ்தாக்களில் கடைக்குட்டி. அந்த ஆபீசை நினைத்தால் முதலில் வருவது வாசனை. கருவாடும் தாரும் ஈரச் சணல் சாக்கும் கலந்து சட்டையில் ஏறிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. ஆழம் போதாமல் கப்பல்கள் கடலில் வெகுதூரத்தில் நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். கரையில் அடுக்கிய சாக்குகள் நனையக்கூடாது என்பதற்காக எங்களுக்கு வானிலைத் தந்தி வரும். எதிரி காதில் விழக்கூடாதாம், அதனால் வெறும் எண்களாக வரும். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த எண்களை எழுத்தாக்குவது என் வேலை. ஆக, நாளைக்கு மழையா வெயிலா என்பது ஊரில் மூன்றே பேருக்குத் தெரியும்: துறைமுகத்துத் துரை, தலைமைக் குமாஸ்தா கொரைரா, அப்புறம் நான். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

நான் குடியிருந்தது முத்தையாபுரம் போகிற வழியில், உப்பள வேலைக்காரர்களின் வளவில், ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக நின்ற வீடுகளில். அடுத்த வீட்டில் பொன்னுத்தாயக்காவும் அவள் புருஷன் சுடலைமுத்து அண்ணாச்சியும். உப்புக்காரர்களுக்குப் புயலைவிடக் கோடைமழையிடம்தான் பயம். புயலென்றால் துறைமுகக் கொடிமரத்தில் கூண்டு ஏற்றுவார்கள், ஊரே பார்க்கும். பங்குனி சித்திரையில் இடியோடு வந்து இறங்குகிற மழைக்குக் கூண்டு கிடையாது. பாத்தியிலிருந்து வாரி அம்பாரமாகக் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாத உழைப்பு ஒரே மழையில் கரைந்து ஓடிவிடும். அதனால், இடி கேட்டால் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள், இவர்கள் அளத்துக்கு ஓடுவார்கள். மரம் மட்டை இல்லாத வெட்டவெளி அது.

பொன்னுத்தாயக்கா கெட்டிக்காரி. வெயில் மண்டையைப் பிளக்கிற காலையில் நான் குடையை இடுக்கிக்கொண்டு கிளம்பினால் அன்றைக்கே மழை வருகிறது என்பதை மூன்றாம் தடவையில் கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு என் குடை வெளியே தலையைக் காட்டினால் போதும்.

"ஏளா, தம்பி குடை எடுத்துக்கிட்டுப் போவுது. மொதல்ல மூடிருவோம், வாங்க" என்று வளவு முழுக்கக் கேட்கக் கூவுவாள். விடிந்ததும் அம்பாரத்தை மூடிவிட்டு மத்தியானத்துக்குள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு ஒரு கிண்ணம் சாளைமீன் குழம்பு வரும்.

விஷயம் எப்படியோ கொரைரா காதுக்குப் போய்விட்டது. நல்ல மனிதர், கத்தமாட்டார். அன்று கத்தினார்.

"என் சேசு ஆண்டவரே! நீ குமாஸ்தாவா, தண்டோராக்காரனா, லே? ஒன் குடையப் பாத்து உப்பளமே வேலையை மாத்துதாம்."

"நான் யார்ட்டயும் வாயத் தொறக்கல சார்."

"வாயி எதுக்கு? குடை போதும்லா. இனிமே அதத் தொடாத. தொரைக்குத் தெரிஞ்சா ஒனக்கு வேலையும் போவும், கம்பியும் எண்ணணும்."

சொந்த ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

அடுத்த வாரமே தந்தி வந்தது. மறுநாள் பிற்பகல் பலத்த இடி, பரவலாக மழை. அன்று சாயங்காலமே சாக்குகளுக்குத் தார்ப்பாய் போட்டோம். ஒரு மூலை விடாமல் நானே கயிற்றை இழுத்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் ஆணியில் தொங்கிய குடைமேல் கையை வைத்தேன், பிறகு கையை இழுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு வெளியே வந்தேன். கிணற்றடியில் நின்ற பொன்னுத்தாயக்கா என் கையைப் பார்த்தாள். சந்தோஷமாகச் சிரித்தாள்.

"ஏளா, தம்பி கையில ஒண்ணுமில்ல. மூட வேண்டாம், பொழுது சாயுற வரைக்கும் வாரலாம்."

நான் நின்றிருக்கலாம். 'அக்கா' என்று கூப்பிட்டிருக்கலாம். நடந்தேன். கொஞ்சம் வேகமாகவே நடந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மூன்று மணிக்குத் தெற்கே கறுத்தது. முதல் இடி விழுந்தபோது நான் கிடங்குக்குள் பத்திரமாக நின்றிருந்தேன். அளத்தில் பொன்னுத்தாயக்கா ஓலைக்கட்டோடு அம்பாரத்தின் மேல் ஏறியிருக்கிறாள். அந்த வெளியில் அதைவிட உயரமாக வேறொன்றும் இல்லை. மின்னல் அவள்மேல் இறங்கிவிட்டது. எங்கள் சாக்கு ஒன்றுகூட நனையவில்லை என்று மறுநாள் துரை பாராட்டினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் போனேன். வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, மழை வரும்னு எனக்கு முந்துன நாளே தெரியும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வளவுல எல்லாரும் ஒங்களத்தான் ஏசுதாவ. தெரிஞ்சிருந்தா தம்பி சொல்லாம இருக்குமான்னு, நாந்தான் எல்லார்ட்டயும் சண்டை போட்டுட்டு வாரேன்" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வாரமே நான் வீடு மாறினேன். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

போர் முடிந்ததும் மழைச் செய்தியைப் பத்திரிகையிலேயே போட ஆரம்பித்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எண்களில் வந்த தந்தி போயிற்று, அதைப் படிக்கிற புத்தகம் போயிற்று. வளவு இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. பொன்னுத்தாயக்காவின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை. அன்று பயந்து பயந்து காப்பாற்றிய அந்த வேலையா? போர் முடிந்த மறுவருஷமே, மதுரையில் ஒரு மில்லில் பத்து ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று அதை நானே விட்டுவிட்டுப் போய்விட்டேன்.