கம்மி என்று சொன்னேன்

வேலைக்கு ஆள் எடுக்கும் மேஜையில், கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்துவிட்டால் போதும், யாருக்கும் புத்தி கொஞ்சம் கூடிவிட்டதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பத்து வருடம் சென்னையில் குப்பை கொட்டிவிட்டு, ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி வேங்கிக்காலில் கிளை திறந்தபோது ஊரோடு வந்து சேர்ந்தவள் நான். கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். திங்கட்கிழமைகளில் கீழே மனு கொடுக்க வந்தவர்கள் கூட்டமாக நிற்பார்கள். மேலே நாங்கள் பதினான்கு பேர், வெளிநாட்டுப் பல் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளின் நேரத்தைப் பதிவு செய்து தரும் மென்பொருள் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதோம்.

எங்கள் மேனேஜர் வாரத்துக்கு இரண்டு நாள் சென்னையிலிருந்து காரில் வருவார். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வேதவாக்கு இருந்தது. "கோட் எழுதறத ஆறு மாசத்துல கத்துக்குடுத்துடலாம். பேசறத எவன் கத்துக்குடுப்பான்? அது கூடவே பொறந்து வரணும்" என்பார். இன்டர்வியூ மதிப்பெண் தாளையும் அப்படித்தான் தயாரித்திருந்தார். டெக்னிக்கலுக்கு நாற்பது, பர்சனாலிட்டிக்கு அறுபது. தன்னம்பிக்கை, கண் பார்த்துப் பேசுதல், கலகலப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வளர்ந்தவள் நான். சென்னைக்குப் போன புதிதில் வாய் திறக்காததால் நான்கு கம்பெனிகளில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் நின்று பைத்தியம் மாதிரி பேசிப் பேசித்தான் தேறினேன். அப்படிப் பட்டவளுக்கு மற்றவர் கஷ்டம் புரியும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. நான் கத்துக்கிட்டேன், இவர்களுக்கு என்ன வந்தது என்கிற திமிர்தான் வந்தது.

ஒரே ஓர் இடத்துக்கு ஆள் எடுத்தோம். பௌர்ணமிக்கு முந்தின நாள். கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டில் தடுப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள், பஸ்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு வந்தன. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண் மட்டும் அரை மணி முன்னாலேயே வந்து, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள். எழுத்துத் தேர்வுத் தாளை நான்தான் தயாரித்திருந்தேன். எங்கள் மென்பொருளிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, அதில் ஒரு தவறை வேண்டுமென்றே புகுத்தி, கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தேன்.

அவள் இரண்டு தவறு கண்டுபிடித்திருந்தாள். ஒன்று நான் வைத்தது. இன்னொன்று எனக்கே தெரியாது. ஒரு நோயாளி நேரத்தை ரத்து செய்த அதே நொடியில் வேறு இரண்டு பேர் அதைக் கேட்டால், இரண்டு பேருக்கும் அந்த ஒரே நேரம் பதிவாகிவிடும். ஏழெட்டு மாதமாக அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்த புகார் அது. காரணம் பிடிபடாமல் நாங்கள் பதினான்கு பேரும் முட்டி மோதிக்கொண்டிருந்தோம். இவள் பென்சிலால் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் எப்படித் திருத்துவது என்றும் ஆறு வரியில் எழுதியிருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு இன்டர்வியூ அறைக்குப் போனேன். உள்ளே அவளிடம் மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க."

பெயர் சொன்னாள். அப்பா விவசாயம் என்றாள். படித்த கல்லூரியைச் சொன்னாள். நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதாங்க சார்." பார்வை மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளரை விட்டு நகரவில்லை.

"இந்த வேல உங்களுக்கு எதுக்கு வேணும்?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சிறு வயதுக் கனவு, சாதிக்கும் வெறி என்று எதையாவது ஒப்பிப்பார்கள். இவள் உள்ளதைச் சொன்னாள். "வேல கெடச்சா கல்யாணத்த ரெண்டு வருஷம் தள்ளிப் போடறேன்னு எங்கப்பா சொல்லியிருக்காருங்க சார். எம்பொண்ணு படிப்புல கெட்டின்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லித்தான் நிறுத்தி வெச்சிருக்காரு."

மேனேஜர் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டார். அந்தச் சிரிப்பிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

அடுத்து வந்த பையன் வேலூர். உள்ளே வரும்போதே அறை கொஞ்சம் வெளிச்சமானது, அதை மறைக்கக் கூடாது. அவன் எழுதிய கோட் ஓடவே இல்லை. சொன்னதும், "சார், அது ஓடலன்னா இன்னா, நான் ஓடுவேன்" என்றான். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

எல்லோரும் போனபின், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பேப்பர் ரொம்ப நல்லாருக்கு சார். நம்ம ப்ராடக்ட்ல இருக்கற..."

"பேப்பர் நாளைக்கி கிளையன்ட்கிட்ட பேசுமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு நம்ம ஊர்லதான சொல்றாங்க?"

"சரிங்க சார்" என்றேன். கலகலப்பாகப் பேசிச் சம்பாதித்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அவள் தாளில் தன்னம்பிக்கைக் கட்டத்தில் பத்துக்கு இரண்டு என்று என் கையாலேயே போட்டேன்.

தகவல் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. நீங்கதான் உள்ளூர், பக்குவமாகச் சொல்வீங்க என்றார்கள். அவள் போன் எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் இருந்த இரண்டாவது நம்பருக்கு அடித்தேன். அவள் அப்பா எடுத்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். அதை நிறுத்திவிட்டு வந்து பேசினார்.

"வேல இல்லைன்னா பரவால்லமா. எம்பொண்ணுகிட்ட இன்னா கொறன்னு மட்டும் சொல்லுங்க."

பர்சனாலிட்டி சரியில்லை என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் அதை நான் எப்படி நயமாக எடுத்துச் சொன்னாலும், ஊருக்குள் போய்ச் சேரும்போது பெண்ணின் குணம் சரியில்லை என்றுதான் போய்ச் சேரும். கல்யாணம் ஆகாத பெண். பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கு அது முதலில் போகும். நான் அந்த ஊர்களில் ஒன்றில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா? அவளைக் காப்பாற்றுவதாகத்தான் சத்தியமாக நினைத்தேன்.

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க. டெக்னிக்கல்லதான் கொஞ்சம் கம்மி."

"அப்பிடின்னா... படிப்புலயாம்மா?"

"ஆமாங்க. கொஞ்சம் கம்மி."

"நாலு வருஷம் படிச்சிதே" என்றார். அப்புறம் தானாகவே, "சரிம்மா. மறைக்காம உண்மைய சொன்னீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரமே அவள் எழுதிய ஆறு வரியை எங்கள் மென்பொருளில் போட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. புகார் நின்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள். ஆபீசில் என் பெயர் எழுதிய கேக் வெட்டினோம், நான்தான் வெட்டினேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டது என்றேன். வேலூர்ப் பையன் எல்லோருக்கும் பிடித்தவனாக ஐந்து மாதம் இருந்தான். பிறகு பெங்களூரில் ஜாஸ்தி சம்பளம் கிடைத்து, எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் யாரிடமும் பொய் சொல்லவில்லையே.

ஒரு வருடம் போயிருக்கும். வெளிநாட்டு கிளையன்ட் இரண்டு பேர் மலையைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறார்கள் என்று, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை பார்க்க என்னை அனுப்பினார்கள். மூன்றாவதாக நுழைந்த விடுதியில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். எதிரே வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஆட்டோக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கத்திக்கொண்டிருந்தார். இவள் அவர் கண்ணைப் பார்த்து, நிதானமான ஆங்கிலத்தில், நடுவில் ஒரு வேடிக்கையும் சொல்லி, இரண்டே நிமிடத்தில் அவரைச் சிரிக்க வைத்து அனுப்பினாள். நான் மேஜைப் பக்கம் போனேன்.

"மேடம், நீங்களா! உக்காருங்க, டீ சொல்றேன்."

"இவ்ளோ நல்லா பேசற?"

"இங்க வந்து ஆறு மாசத்துல வந்துடுச்சிங்க மேடம். இங்க வர்றவங்க சும்மாவே வுடமாட்டாங்க, பேசிட்டே இருப்பாங்க."

ஆறு மாதம். "எங்க ஆபீஸ்ல மறுபடி ஆள் எடுக்கறாங்க. நாளைக்கே வா" என்றேன்.

"இல்லைங்க மேடம். எனக்கு டெக்னிக்கல் கம்மிங்க." தன் உயரத்தைச் சொல்வது மாதிரி, வருத்தமே இல்லாமல் சொன்னாள். "நீங்க சொன்னப்புறம் நோட்ட எல்லாம் எடுத்து மொதல்லருந்து படிச்சேன். எனக்கு எங்க தப்புன்னே தெரியல. தப்பே தெரியலன்னா அவ்ளோ கம்மின்னுதான அர்த்தம்? அதோட வுட்டுட்டேன்."

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம் போட்ட தாள், நான் போட்ட இரண்டு மதிப்பெண், அவளுடைய ஆறு வரி, கேக் உட்பட. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க மேடம்."

"இல்லம்மா. அந்தப் பேப்பர் இன்னும் எங்கிட்ட இருக்கு. உன் கையெழுத்து. இப்பவே எடுத்துட்டு வர்றேன்."

அவள் முகத்திலிருந்த விடுதிச் சிரிப்பு அப்போதுதான் போனது. தை மாதம் கல்யாணம் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் ரொம்பப் படித்த பெண் வேண்டாம் என்றவர்களாம். எங்க பொண்ணும் படிப்புல கொஞ்சம் கம்மிதான் என்று அப்பாவே சொல்லி, தட்டு மாற்றியிருக்கிறார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். நான் ஒரே பொய்யில் நடத்தி வைத்துவிட்டேன்.

"உங்க வீட்டுக்கு வர்றேன். உங்கப்பாகிட்ட நானே சொல்றேன். கால்ல விழுந்துகூடச் சொல்றேன்."

"வேணாங்க மேடம்." வாசலில் யாரோ பெட்டியை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கப்பா வாக்கு குடுத்துட்டாரு. இப்பப் போயி எம்பொண்ணு கெட்டிதான்னு அவருக்குத் தெரிஞ்சா, அந்த மனுஷன் தாங்கமாட்டாரு. நான் கம்மியாவே இருந்துட்டுப் போறேன்."