நத்தைகுத்தி நாரைகளும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும்

மறுநாள் மன்னார்குடி கோர்ட்டில் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து எப்போது வந்தாலும் சித்தப்பா மகன் செல்வம் வீட்டில்தான் தங்குவேன். இந்தக் கார்த்திகையில் மன்னார்குடி லாட்ஜ். சுவரையே எவ்வளவு நேரம் பார்ப்பது? உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். கூலியாளாக இருந்த அப்பா நிலப் போராட்டத்தில் அடிபட்டு, நில உச்சவரம்புச் சட்டத்தில் பெற்றது ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அவர் போனதும், நான் அவருக்குப் பிறந்தவனே இல்லை, நிலம் தங்களுக்குத்தான் என்று செல்வம் வழக்குப் போட்டான். ஊரில் பழைய முணுமுணுப்புதான். அவனும் நானும் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமாம்; சம்மதமா என்பதுதான் நான் சொல்ல வேண்டிய பதில். அம்மாவும் இல்லை, யாரிடம் கேட்பது?

காலை 6:10 பஸ். திருத்துறைப்பூண்டி 28 கி.மீ., 25 ரூபாய். அங்கிருந்து முத்துப்பேட்டை பஸ் ஏறினால் சரணாலயம் சாலையோரமே.

ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களெல்லாம் நத்தைகுத்தி நாரைகள். "ஜோடி சேந்துட்டா மாறவே மாறாதுங்க சார்," என்றார் காவலர். சொல்லி வாய் மூடவில்லை. ஆண் குச்சி பொறுக்கப் போன நேரம், பக்கத்துக் கூட்டு ஆண் வந்து பெட்டையோடு கூடிவிட்டுப் போனது. காவலர் வேறு மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜோடியாக வாழும் பறவைகளின் கூட்டிலும் வேறு ஆணின் குஞ்சுகள் உண்டென்று படித்திருக்கிறேன். கூட்டுக்கார ஆண் குச்சியோடு திரும்பி வந்து, அதைப் பொறுமையாகக் கூட்டில் செருகியது.

வெயில் ஏறியது, காவலர் கிளம்பிப் போனார். இன்னொரு கூட்டில் பெரிய நாரை ஒன்று சிறகை விரித்து, மூன்று குஞ்சுகளுக்கும் நிழல் கொடுத்து நின்றது. எந்தக் குஞ்சு யாருடையது என்று அது பார்க்கவில்லை. நாற்றுப் பறிக்கையில் மழை பிடித்தால், அப்பா தன் சாக்குக் கொங்காணியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு நனைவார். அழுதேன். பார்க்க ஆளில்லாததால் நன்றாகவே அழுதேன்.

அங்கிருந்தே செல்வத்தைப் போனில் கூப்பிட்டேன். "ரத்தம் குடுக்க மாட்டேன்டா. எங்கப்பா யாருன்னு சோதிச்சுத் தெரிய வேண்டியதில்ல. நெலத்தையும் விடமாட்டேன், அவரு அடிவாங்குன நெலம். கேஸ் நடக்கட்டும்."

"அப்பறம் நம்ம வீட்டுப் பக்கம் வராதீங்கண்ணே," என்றான் செல்வம்.

அப்போதும் அண்ணே என்றுதான் சொன்னான். ஊரில் எனக்கென்று இருந்த ஒரே வீடு அது.

போகிறவர்களுக்கு: கார்த்திகை முதல் தை வரை கூடுகளைப் பார்க்கலாம். பைனாகுலர், தண்ணீர், தொப்பி அவசியம். காலையிலேயே போய்விடுங்கள். திரும்பும் பஸ் எங்கள் ஊர் வழியாக வரும். "ஊர்ல எறங்கலீங்களா சார்?" என்றார் தெரிந்த கண்டக்டர். மன்னார்குடிக்கு டிக்கெட் கேட்டேன். முடிந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். திரும்பும்போது பேச ஆள் வேண்டியிருக்கும்.