குறி தப்பாத எங்கள் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஓமானில், சோஹாரில் அவர் மாட்டிக்கொண்டு தவித்தது மட்டும் உடனிருந்த எனக்குத்தான் தெரியும். அதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அறந்தாங்கிப் பக்கம் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா பாடுபட்டு எங்கள் இருவரையும் ஆளாக்கினார். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த அண்ணனுக்குத் துப்பாக்கி சுடுவதில் அப்படியொரு கிறுக்கு. எழுபதுகளில் ஓமானுக்கு ஸ்டோர் கீப்பராகப் போனார். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டார்.

எங்களுக்கு விசா கொடுத்த கஃபீலுக்கும், அதாவது எங்கள் அரபி முதலாளிக்கும், அதே கிறுக்கு. பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளைச் சேர்த்துவைத்து, வெள்ளிக்கிழமைகளில் மலையடிவாரத்தில் ஒரு கிளப் நடத்தினார். அங்கே சாமான் இறக்கப் போன அண்ணன், "நானும் சுடலாமா?" என்று கேட்டுவிட்டார். அதன்பின் கஃபீலின் அணி தோற்றதே இல்லை. அந்தத் துப்பாக்கியின் கனத்த மரக்கட்டையைத் தோளில் அணைத்து அண்ணன் குறி பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. நான் புதிதாகச் சேர்ந்தவன், லீவு கேட்கவே முடியாது. அண்ணனுக்கு லீவு வரவேண்டிய நேரம். ஆனால் பாஸ்போர்ட் கஃபீலின் பெட்டியில்.

"வரப்போகும் பெரிய போட்டி முடியட்டும் பாய். அதுவரை மாஃபி லீவு, லீவே இல்லை," என்றார் அவர்.

அறைக்கு வந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, இந்த வெள்ளிக்கெழம பயிற்சில வேணும்னே தப்பாச் சுடுறேன். கை போச்சுன்னு நெனச்சா விட்டுருவாருடா."

சொன்னபடியே ஒரு குண்டும் வட்டத்துக்குள் விழவில்லை. கஃபீல் தானே நடந்துபோய்க் குறி அட்டையைக் கழற்றி வந்தார். பார்த்தார், சிரித்துவிட்டார். எல்லாக் குண்டுகளும் இடது மேல் மூலையில், ஓர் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் பாய்ந்திருந்தன.

"குறி தவறுகிறவனுக்குக் குண்டு நாலாபக்கமும் சிதறும் பாய். போட்டி முடிந்ததும் போ, கலாஸ், பேச்சு முடிந்தது," என்று அண்ணனைக் கட்டிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

போட்டியில் அண்ணன் ஜெயித்தார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் காரியமே முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பி, கடை வைத்து, பிள்ளைகளைக் கரையேற்றினார். யாரையும் கடிந்து பேசியதில்லை. கடைசியில் கை கால் ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்தபோது என்னிடம் சொன்னார்: "அந்தாளு மேல கோவமில்லடா. நான் செதற அடிச்சிருக்கலாம்ல? மூச்சை அடக்கிக் குறி பாத்ததும் அம்மா நெனப்பே போயிருச்சு. அம்புட்டுச் சொகமா இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், வீடு தேடி வந்த டாக்டருக்கும், துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் நன்றி. பிள்ளைகள் நாங்கள் இருவரும் கடலுக்கு அப்பால் இருந்தபோது எங்கள் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவர் சித்தப்பா மகன். அவரிடம் நன்றி சொல்ல அண்ணனுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. இருவருக்குமாகச் சேர்த்து நான் சொல்கிறேன்.