மூன்று முழம் திரி

குடிபாலா பக்கத்துக் கிணறுகளில் பாறை தட்டினால் வேதாச்சலம் மேஸ்திரிக்குத்தான் ஆள் போகும். மேஸ்திரி வந்தால் பின்னாலேயே தபீதாளும் வருவாள். மண் சுமக்கும் கூலிக்காரிதான் அவள். ஆனால் வெடி வைக்கிற அன்று அவள் தலையில் கூடை இருக்காது. கிணற்று மேட்டில் நின்று நேரம் சொல்வது அவள் வேலை.

நேரம் சொல்ல அவளுக்குக் கடிகாரம் இல்லை. மிஷன் சபையில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லாரும் எழுந்து நின்று சொல்லும் ஜெபம் ஒன்று, சிறு வயதிலிருந்தே அவள் நாக்கில் தடம் பதித்திருந்தது. ஒன்று இரண்டு என்று எண்ணினால் நடுவில் தவறிப்போகும். ஜெபம் தவறாது. மேஸ்திரி ஒருநாள் ஒரு முழம் திரியைத் தரையில் போட்டுக் கொளுத்தி, அவளைச் சொல்லச் சொன்னார். இரண்டாவது ஜெபம் முடியும்போது நெருப்பு மறுமுனைக்கு வந்துவிட்டது. மறுபடி கொளுத்தினார். மறுபடியும் இரண்டு. அன்றோடு கணக்கு முடிவானது. முழத்துக்கு இரண்டு ஜெபம். கிணற்றடியிலிருந்து மேலே ஏற மூன்று, புளியமரத்து மறைவுக்குப் போக ஒன்று. மூன்று முழம் திரி விட்டால் ஆறில் வெடிக்கும், நாலில் ஆள் தப்பிவிடுவான். மீதி இரண்டு, கால் இடறினால் எழுந்திருக்க.

தூரம், வேகம், நேரம் மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே தெரிந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். சரிதான். தெரியும் என்று நாம் நினைத்த இரண்டில் ஒன்று நமக்குத் தெரியாமலே மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த வேலையில் தபீதாளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. மேட்டில் நின்று அவள் உரக்கச் சொல்லும்போது கிணறும் சொல்லும். அவள் ஒரு சொல்லை விட்டதும் அது கீழே போய்ச் சுவரில் பட்டு, ஒரு இமைப்பொழுது பிந்தித் திரும்பி வரும். எதிரொலி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தன் குரலிலேயே யாரோ ஒருத்தி கீழே உட்கார்ந்து தன்னைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டு வருவதாகவே தோன்றும்.

அறுபதுகளின் கடைசியில் மழை பொய்த்த ஒரு கோடையில், தாமோதரன் என்பவருடைய கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாறையில் நாலு குழி அடித்து வெடிமருந்தும் கெட்டித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் காலில் கல் விழுந்து, அவரைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாமோதரனின் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு ஆள் வரும்வரை பொறுக்க அவரால் முடியவில்லை. நான் கொளுத்துகிறேன் என்று முன்வந்தவன் நேசகுமார், தபீதாளின் புருஷன். குழி அடிக்கத் தெரிந்தவன், ஆனால் ஒருநாளும் திரிக்கு நெருப்பு வைத்ததில்லை. அன்று இரவெல்லாம் அவள் வேண்டாம் என்றாள். உன் வாய் இருக்கும்போது எனக்கு என்ன பயம் என்று அவன் சிரித்தான்.

மறுநாள், காற்றில்லாத நடுப்பகலில் நேசகுமார் இறங்கினான். கீழே பீடி நெருப்பு நாலு முறை குனிந்து நிமிர்ந்தது. கையை உயர்த்தினான். தபீதாள் தொடங்கினாள்.

முதல் ஜெபம் சரியாகவே போனது. இரண்டாவதில், பாதிச் சுவரில் அவன் கால் வழுக்கியது. அவள் குரல் நிற்கவில்லை. ஆனால் கீழே இருந்த குரல் அவளுக்கு வெகு அருகில் வந்துவிட்டது போலிருந்தது. அது தன்னைப் பிடித்துவிடக் கூடாது என்று சற்று முந்தினாள். அதுவும் முந்தியது. இவள் விரைய அது விரைய, எது தன் சொல், எது கிணற்றின் சொல் என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. நேசகுமார் மேலேறி வந்து அவள் கையைப் பற்றிப் புளியமரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே எதிரொலி இல்லை. வாய் மட்டும் நிற்காமல் ஓடியது.

ஆறாவது முடிந்தது. சத்தமில்லை. ஏழு. எட்டு. மரத்தில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

"ஆரிப்போயிந்தி" என்று தெலுங்கில் சொன்னார் தாமோதரன். திரி ஈரம் பட்டு அணைந்துவிட்டதாம். பாதியில் அணைந்த திரியை உடனே பிடுங்கினால்தான் மருந்தாவது மிஞ்சும் என்றார். நேசகுமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்தான்.

தபீதாள் தன் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக ஒரு ஜெபத்தில் மூன்று இடத்தில் மூச்சு வாங்குவாள். இப்போது எங்கே வாங்கினோம் என்று யோசித்தாள். ஒரு இடமும் நினைவுக்கு வரவில்லை. கோவிலில் அந்த ஜெபத்தின் வேகம் ஒருவருடையதல்ல. முந்துகிறவனை மற்றவர்கள் பின்னுக்கு இழுப்பார்கள், பிந்துகிறவனைக் கூடவே கொண்டுபோவார்கள். அந்த வேகத்தைத் தன்னுடையது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள்.

ஓடிப்போய் அவன் துண்டைப் பிடித்தாள்.

"போவாதய்யா. திரி நிக்கல. என் வாய்தான் ஓடிப்போச்சி."

"எட்டு சொல்லிட்டியேடி."

"எட்டு இல்ல. எவ்ளோன்னு தெரியல."

அவன் நின்றது அவளை நம்பியா, துண்டு கிழிந்துவிடும் என்றா என்று சொல்வதற்கில்லை. நின்ற இடத்தில் தரை அதிர்ந்தது. இருவரும் குப்புற விழுந்தார்கள். தொடர்ந்து இன்னொன்று, இன்னொன்று. கல் மழை புளியமரத்தைத் தட்டிவிட்டு ஓய்ந்தது.

மூன்று சத்தம்தான். இரண்டு குழி சேர்ந்து வெடித்தாலும் ஒரே சத்தமாகக் கேட்கும் என்றார் தாமோதரன். இருக்கலாம். குழிக் கணக்கைவிடச் சத்தம் குறைந்தால் அறுபது ஜெபம் முடியும்வரை யாரும் கிணற்றை எட்டிப்பார்க்கக் கூடாது என்பது மேஸ்திரி வைத்த சட்டம். சொல்லு என்றான் நேசகுமார். தபீதாள் தலையை ஆட்டி மறுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்தார்கள். யாரோ சோற்றுச் சட்டியைத் திறந்தார்கள். நிழல் நகர்ந்ததா என்றே தெரியவில்லை. கிணற்று வாயிலிருந்து வந்த புகையும் நின்றுபோனது. கூடை தூக்கும் கமலம்மா, நெற்றி நிறைய விபூதி பூசியவள், மெல்ல நகர்ந்து நேசகுமாரிடம் வந்தாள். அவளுக்கும் அந்த ஜெபம் காதில் கேட்டுக் கேட்டே பாடமாகியிருந்தது. மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"அண்ணா, நான் அறுவதும் சொல்லி முடிச்சிட்டேன். நிதானமாத்தான் சொன்னேன்."

தாமோதரன் எழுந்துவிட்டார். நேசகுமாரும் வாயிலிருந்த சோற்றை விழுங்கிக்கொண்டு எழுந்தான்.

"குந்து" என்றாள் தபீதாள்.

"இன்னாத்துக்கு?"

"என்னுது இன்னும் முடியல."

"நீ சொல்லவே இல்லியே. உனுக்கு எப்பிடி முடியும்?"

தாமோதரன் சிரித்தார். கமலம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவன் சொன்னது நியாயம்தான். அவள் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. கணக்கு என்று காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. தன்னுடையது பொய் என்று கண்டபின், கமலம்மாவுடையது மட்டும் மெய் என்று ஏற்க அவளால் முடியவில்லை. அவ்வளவே.

"குந்துய்யா. சோத்த துன்னு."

பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மகராசன் என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு நேசகுமார் உட்கார்ந்தான். சட்டியில் கைவைத்தான். மெதுவாகவே சாப்பிட்டான். கடைசி வாய்ச் சோற்றைத் திரட்டும்போது நாலாவது வெடித்தது.

நாள் கழித்து வந்த விருந்தாளி போல, அவசரமே இல்லாத ஒரு சத்தம். கிணற்றிலிருந்து புழுதி நேர்க்கோட்டில் எழுந்து, காற்றில்லாததால் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. தாமோதரன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கமலம்மா தன் உதடுகளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அவை வேறு யாருடையவோ என்பது போல.

நேசகுமார் சட்டியில் தண்ணீர் ஊற்றிச் சோற்றுக் கையை அலசினான். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், இப்போதாவது முடிந்ததா, போகலாமா என்று அவளைக் கேட்டான்.

தபீதாளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் அது தானாகவே எண்ணத் தொடங்கிவிடும் என்று பற்களைக் கடித்துக்கொண்டு, அவனுடைய ஈரக் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.